ஆறு பேர் ஒன்பது பேரானால்: டிஸ்னி வேர்ல்ட் சாப்பாட்டு ரிசர்வேஷனை என்ன செய்வது?

இரவு பத்து மணிக்கு நாத்தனாரிடமிருந்து போன். “அண்ணி, நாளைக்கு நாங்களும் டாம்பாவிலிருந்து கார்ல வந்துடறோம். ராத்திரி எல்லாரும் ஒண்ணா சாப்பிடலாம்.” சந்தோஷமான சேதிதான். ஓர்லாண்டோ வரை வந்துவிட்டு, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் மகளைப் பார்க்காமல் திரும்பினால் மாமியாருக்கு மனசு ஆறாது. ஆனால் போனை வைத்ததும் எனக்கு வந்த கவலை வேறு. மறுநாள் இரவுக்கு என் கையில் இருந்தது ஆறு பேருக்கான ரிசர்வேஷன். இவர்கள் மூன்று பேர். ஆக ஒன்பது.

நம் வீட்டு விசேஷம் என்றால் மூன்று இலை கூடப் போட்டு, குழம்பில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றினால் விஷயம் முடிந்தது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் கணக்கு வேறு. அங்கே டேபிளில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, நாற்காலிக்குத்தான் பஞ்சம். ரிசர்வேஷன் 60 நாள் முன்னால் திறக்கும். அங்குள்ள டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு, வந்து சேரும் நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, தங்கும் நாட்கள் மொத்தத்துக்கும் (பத்து நாள் வரை) ஒரே மூச்சில் பதிவு செய்யலாம். 2020க்கு முன் இது 180 நாளாக இருந்தது. ஆறு மாதம் கழித்து எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்த அந்தக் காலத்தோடு பார்த்தால் இப்போது தேவலை. ஆனாலும் நல்ல இடங்கள் வேண்டுமானால் விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் எழுந்து டிஸ்னியின் ஆப்பைத் திறந்து உட்கார வேண்டும். அப்படிப் பிடித்த டேபிளை ஒரு போன் காலுக்காக இழக்க யாருக்கு மனசு வரும்?

இந்த மாதிரி நேரத்தில் கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். முதலில் ஒன்று: ஆள் குறைவதும் ஆள் கூடுவதும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கம் இல்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

குறைந்தால் பயமில்லை

எட்டுப் பேரில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், வரவில்லை. இது சுலபம். டிஸ்னியின் பெரும்பாலான உணவகங்களில், வராமல் போனால் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் அதுவும் இல்லை. ஆப்பிலேயே ரிசர்வேஷனைத் திறந்து எண்ணிக்கையை மாற்றப் பார்க்கலாம். அதற்கு நேரமில்லாமல் போனாலும், போய் நின்று “எட்டு இல்லை, ஆறு” என்று வாசலில் சொன்னால் அவர்களுக்கு நிம்மதிதான். பெரிய டேபிள் ஒன்று மிச்சம்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். முன்கூட்டியே முழுப் பணம் வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. 1974 முதல் நடந்துவரும் ஹூப்-டீ-டூ என்ற பாட்டும் கூத்துமான இரவு விருந்து அப்படிப்பட்டது. அங்கே கடைசி நேரத்தில் ஆள் குறைந்தால் அந்த ஆளின் டிக்கெட் காசு போகிறது என்று பொருள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் மாதிரி மிக உயர்தர இடங்களில் ரத்துக்கான கெடு பல நாள் முன்னாலேயே முடிந்துவிடும், அபராதமும் பத்து டாலரோடு நிற்காது. பதிவு செய்ததும் வரும் மின்னஞ்சலில் அந்தந்த இடத்தின் கெடு இருக்கும். அதை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். “எனக்குத் தெரியாதே” என்று யாரும் சொல்ல முடியாது.

கூடினால்தான் கூத்து

ஆள் கூடும்போது ஏன் இவ்வளவு சிரமம் என்று புரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். உணவகங்களில் டேபிள் என்பது இரண்டு பேருக்கு, நான்கு பேருக்கு, ஆறு பேருக்கு என்றுதான் இருக்கும். ஐந்து பேராகப் பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் ஆறு பேர் டேபிளில்தான் உட்காரப் போகிறார்கள். அவர்களோடு இன்னொருவர் சேர்ந்தால் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலி நிரம்பும், அவ்வளவுதான். அதே ஒரு ஆள் நான்கு பேரோடு சேர்ந்தால் டேபிளே மாற வேண்டும். ஆக, எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதைவிட, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குத் தாவுகிறோம் என்பது முக்கியம். ஐந்திலிருந்து ஆறு சின்ன அடி. நான்கிலிருந்து ஐந்து பள்ளத்தைத் தாண்டுவது. ஆறிலிருந்து ஒன்பது என்றால், கேட்கவே வேண்டாம்.

இதில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கைக்குழந்தை. “அது மடியிலதானே உட்காரப் போகுது” என்று கணக்கில் சேர்க்காமல் விடுவோம். டிஸ்னியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பஃபேயில் காசு கிடையாது, ஆனால் ரிசர்வேஷனில் தலை எண்ணிக்கையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். என் சின்னவள் ஒரு வயதாக இருந்தபோது நான்கு பேர் என்று பதிவு செய்துவிட்டு ஐந்து பேராகப் போய் நின்றோம். வாசலில் இருந்த பெண் எங்களை எண்ணினாள், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள், மறுபடி எண்ணினாள். ஹை சேர் போட இடமில்லாத சுவரோரத்து சோபா இருக்கை எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு டேபிள் காலியாக ஐம்பது நிமிடம். பசித்த குழந்தையோடு ஐம்பது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தப்பு என்னுடையது, அதனால் உணவகத்தின் பெயர் வேண்டாம்.

சரி, இப்போது வழிகள்.

ஆப்பிலேயே எண்ணிக்கையை மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. ஆறை ஒன்பதாக்கித் தேடினால், அந்த எண்ணுக்கு அன்று என்ன நேரம் இருக்கிறது என்று காட்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் இரவு ஒன்பதரைக்கு இருக்கும். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: எந்தக் காரணத்துக்காகவும் பழைய ரிசர்வேஷனை முதலில் ரத்து செய்துவிட்டுப் புதிது தேடாதீர்கள். பதற்றத்தில் நிறையப் பேர் செய்வது அதைத்தான். ஆறு பேருக்கான டேபிள் கையை விட்டுப் போனால், அடுத்த நிமிடம் அதை வேறொரு ஆறு பேர் பிடித்திருப்பார்கள். புதியது உறுதியான பிறகே பழையதை விட வேண்டும். ஓடும் ரயிலில் பெட்டி மாறுகிறவன் அடுத்த கம்பியைப் பிடித்த பிறகுதானே இந்தக் கம்பியை விடுவான்?

இரண்டாவது வழி, பழைய டேபிளை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதல் ஆட்களுக்கு மட்டும் அதே இடத்தில் இன்னொரு சின்ன ரிசர்வேஷன் போடுவது. என்னைக் கேட்டால் இரண்டு மூன்று பேர் கூடும்போது இதுதான் முதல் தேர்வு. ஒன்பது பேருக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று பேருக்குக் கிடைத்துவிடும், நேரம் பதினைந்து இருபது நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். இதில் ஒரு நுணுக்கம்: ஒரே ஆளின் டிஸ்னி ஆப் கணக்கில் ஒரே வேளைக்கு இரண்டு ரிசர்வேஷன் போட டிஸ்னி விடாது. ஏற்கெனவே அந்த நேரத்தில் ஒன்று இருக்கிறதே என்று தடுத்துவிடும். அதனால் கூட்டத்தில் இன்னொரு பெரியவரின் கணக்கிலிருந்து போட வேண்டும். பயணத்துக்கு முன்பே இரண்டு மூன்று பேர் கணக்கு தொடங்கி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். போனதும் இரண்டு ரிசர்வேஷனையும் சேர்த்துச் சொல்லி, பக்கத்துப் பக்கத்து டேபிளாகத் தர முடியுமா என்று கேட்கலாம். தருவார்கள் என்று உறுதி கிடையாது. கேட்கும் முறையில் கேட்டால், கொஞ்சம் காத்திருக்கத் தயார் என்றும் சொன்னால், பல நேரம் முயற்சி செய்கிறார்கள்.

இதோடு ஒட்டிய பண விஷயம் ஒன்று. ஆறு பேரும் அதற்கு மேலும் உட்காரும் டேபிளுக்கு 18 சதவீதம் டிப்ஸ் பில்லிலேயே சேர்ந்துவிடும். ஐந்து ஆறாகும்போது இது புதிதாக முளைக்கும். பில்லின் அடியில் இன்னும் டிப்ஸ் எழுதக் கோடு போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மாமனார் போன்ற தாராள மனசுக்காரர்கள் இரண்டாம் தடவையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நான்கும் ஐந்துமாகப் பிரிந்து உட்கார்ந்தால் தானாகச் சேராது. அதற்காக டிப்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடாதீர்கள். பரிமாறியவருக்கு வேலை ஒன்றும் குறையவில்லை.

மூன்றாவது, எதையும் மாற்றாமல் போய் வாசலில் சொல்லிப் பார்ப்பது. ஒரே ஒரு ஆள் கூடினால், அதுவும் ஐந்து ஆறாவது மாதிரி இருந்தால், இது நடக்கும். மதியம் இரண்டரைக்கும் நாலுக்கும் இடையே நடப்பதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஏழு மணிக் கூட்டத்தில் மூன்று பேரைக் கூடக் கூட்டிக்கொண்டு போய் நின்றால், நம் ஊர் மெஸ்ஸில் போல “கொஞ்சம் நெருக்கி உட்காருங்க” என்று சொல்ல மாட்டார்கள். நடைபாதையை மறித்து நாற்காலி போட அவர்களுக்கு அனுமதியில்லை. அந்தப் பெண்ணிடமோ பையனிடமோ குரலை உயர்த்தி ஒரு பயனும் இல்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் நம்மைப் பார்ப்பதுதான் மிச்சம்.

நான்காவது, வாக்-அப் பட்டியல். ரிசர்வேஷன் இல்லாதவர்களுக்காக, அந்தந்த உணவகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஆப்பில் பெயர் சேர்த்துக் காத்திருக்கும் ஏற்பாடு. இரண்டு பேருக்கு அற்புதமானது, நான்கு பேருக்குப் பரவாயில்லை. ஒன்பது பேருக்கு இதை நம்பி இருப்பது லாட்டரி டிக்கெட் வாங்கிவிட்டு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது மாதிரி. ஆனால் கூடுதலாக வந்த இரண்டு மூன்று பேரை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மற்றவர்கள் ரிசர்வேஷனில் உட்காரலாம். இரண்டாவது வழி கைகொடுக்காதபோது இதைச் செய்து பார்க்கலாம்.

இடத்தையே மாற்றினால்?

எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில், எண்ணிக்கையைப் பொருட்படுத்தாத இடத்துக்குப் போய்விடுவதும் ஒரு வழி. நாடுகளின் பெயரில் பகுதிகள் உள்ள எப்காட் பார்க்கில் இதற்குத் தோதான மூன்று உணவகங்கள் இருக்கின்றன. ஜெர்மனிப் பகுதியில் உள்ள பியர்கார்ட்டனில் நீண்ட மேசைகள். முன்பின் தெரியாத குடும்பங்களை ஒரே மேசையில் சேர்த்து உட்கார வைப்பார்கள். நடுவே இசைக்குழு வாசிக்கும், சாப்பாடு பஃபே. ஜப்பான் பகுதியின் டெப்பான் ஏடோவில் சமைக்கும் சூடான இரும்புத் தகட்டைச் சுற்றி உட்கார வேண்டும், அங்கேயும் அறியாதவர்களோடு பகிர்ந்துகொள்ளும் மேசைதான். இத்தாலியின் வியா நாப்போலியில் பீட்சா, நடுவில் பலரும் சேர்ந்து உட்காரும் நீளமான மேசை ஒன்று. இங்கெல்லாம் ஏழும் ஒன்பதும் மற்ற இடங்களைப் போல அவ்வளவு அந்நியமான எண்கள் இல்லை. நம் பந்திக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான் என்று எனக்குத் தோன்றும். பக்கத்து இலைக்காரர் ஒஹாயோவிலிருந்து வந்திருப்பார், அவ்வளவே வித்தியாசம்.

பஃபேயில் ஒன்றை மறக்கக் கூடாது. தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு, பத்து வயதானாலே பெரியவர் விலை. பியர்கார்ட்டன் மாதிரி இடத்தில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாத மாமியாருக்கும் முழு விலைதான். தட்டுக்குத் தட்டு ஆர்டர் செய்யும் இடமென்றால் ஆள் கூடினாலும் பகிர்ந்து சாப்பிட்டுச் சமாளிக்கலாம்.

ரிசர்வேஷனே வேண்டாம் என்று மொபைல் ஆர்டர் இடங்களுக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கூட்டத்துக்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆப்பில் என்ன வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, ஒரு நேரத்தைக் குறித்து வைத்துவிடலாம். நாம் போய்ச் சேர்ந்து, வந்துவிட்டோம் என்று தட்டும்வரை சமையல் தொடங்காது. இடையில் சித்தப்பா குடும்பம் சேர்ந்தால் அவர்கள் தங்கள் போனிலிருந்து தனியாக ஆர்டர் செய்துகொள்ளட்டும். அனிமல் கிங்டம் பார்க்கின் சாத்துலி கான்டீனில் சோற்றின் மேல் டோஃபு வைத்துத் தரும் கிண்ணம் உண்டு, சைவக்காரர்கள் ஒரு வேளைக்கு நம்பலாம். மேஜிக் கிங்டம் பார்க்கில் காஸ்மிக் ரேஸ் பெரிய இடம். அங்கே இரைச்சல் அதிகமாக இருந்தால் கொலம்பியா ஹார்பர் ஹவுஸின் மாடியில் போய்ப் பாருங்கள். மாடியேறச் சோம்பல்படுகிறவர்கள் அதிகம் என்பதால் நமக்கு இடம் கிடைக்கும். கூட்டத்தோடு போகும்போது வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பேர் சாப்பாடு வாங்கவும், மற்றவர்கள் மேசை பிடிக்கவும். பஸ் ஜன்னலில் துண்டு போட்டுச் சீட் பிடித்த பரம்பரைக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி, பலர் கேட்க மறப்பது. கூடுதலாக வருகிறவர்களிடம் பார்க் டிக்கெட் இருக்கிறதா? பார்க்குக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட பார்க் டிக்கெட் வேண்டும். ஒரு சாப்பாட்டுக்காக மூன்று பேருக்கு ஒருநாள் டிக்கெட் வாங்கினால் அது உலகத்திலேயே விலை உயர்ந்த சாப்பாடாகிவிடும். டிஸ்னி ஹோட்டல்களில் உள்ள உணவகங்களுக்கு டிக்கெட் வேண்டாம். மேஜிக் கிங்டமிலிருந்து மோனோரெயில் ஏறினால் கன்டெம்ப்ரரி ஹோட்டல். ரயில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகும், குழந்தைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதிக்கும் டிக்கெட் தேவையில்லை, வண்டி நிறுத்தவும் காசில்லை. அங்கே பல உணவகங்களை வெளியார் நடத்துகிறார்கள், ஓப்பன்டேபிள் என்ற ரிசர்வேஷன் ஆப் மூலமும் இடம் தேடலாம். டிஸ்னி ஆப்பில் எல்லாம் நிரம்பியிருக்கும் நாளில் இந்த இன்னொரு கதவு திறந்திருக்கலாம்.

முன்யோசனையாகப் பெரிய எண்ணையே பதிவு செய்துவிடலாமா என்று கேட்பீர்கள். வருவார்களா மாட்டார்களா என்று ஊசலாடும் ஒரு குடும்பம் இருந்தால், செய்யலாம். குறைப்பது சுலபம் என்று மேலே சொன்னேனே. ஆனால் பத்து பேருக்கு ஒரே டேபிளாகத் தேடாமல், ஆறும் நாலுமாக இரண்டு கணக்கில் போடுங்கள். கிடைப்பதும் சுலபம், ஒன்றை மட்டும் விட்டுவிடுவதும் சுலபம். இரண்டு மணி நேரக் கெடு வரை இழுத்தடிக்காமல், தெரிந்தவுடனே விட்டுவிடுங்கள். நம்மைப் போல இன்னொரு குடும்பம் எங்கேயோ உட்கார்ந்து ஆப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். பலர் கெடு முடியும் தறுவாயில்தான் ரத்து செய்கிறார்கள் என்பதால், நீங்கள் தேடுகிறவராக இருந்தால் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம், இரண்டரை மணி நேரம் முன்னால் பாருங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நல்லவேளையாக என் ரிசர்வேஷன் அனிமல் கிங்டம் லாட்ஜில் கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கும் சனாவில். ஹோட்டல் என்பதால் நாத்தனார் குடும்பத்துக்கு டிக்கெட் பிரச்சினை இல்லை. ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்த சமையல், மாமனார் மாமியாருக்கும் ஒத்துப்போகும். அன்று இரவே ஒன்பதுக்குத் தேடினேன், இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு தடவை, இல்லை. மூன்று பேருக்கு என்று என் கணவர் கணக்கில் தேடினால், எங்கள் ஆறரைக்கு இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒன்று மதியம் நாலு மணிக்குத் தோன்றியது. உடனே பிடித்தோம்.

போய் இரண்டையும் சேர்த்துச் சொன்னோம். சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார்கள், ஆனால் பக்கத்து டேபிள் அமையவில்லை. நடுவில் இரண்டு டேபிள் தள்ளி நாத்தனார் வீடு. ஐந்து வகை ரொட்டியும் தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணமுமாக வரும் பிரட் சர்வீஸை இரண்டு பக்கமும் ஆர்டர் செய்தோம். பன்னீர் பராத்தா எங்களிடம் தீர்ந்ததும் என் பெரியவன் எழுந்து போய் அத்தையின் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தான். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் பையன் இங்கே, என் பெரியவன் அங்கே. மாமியார் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் தன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு மகள் டேபிளுக்கு நடந்தார். அங்கே இருந்த நாலாவது நாற்காலி அவருக்காகவே போட்டது போல இருந்தது. மூன்று பேருக்குப் பதிவு செய்தால் நான்கு பேர் டேபிள்தானே தருவார்கள்.